திரும்பி வந்த பிறகு இருபத்தெட்டு நாள்

அந்த அறைக்கு வருகிறவர்களில் ஒருவருக்குக்கூட உடம்பு சரியில்லாமல் இருக்காது. அந்த வேலையில் உள்ள சிரமமே அதுதான். நோயாளி என்றால் சொன்ன பேச்சைக் கேட்பான். இவர்களோ கையில் விமான டிக்கெட்டும் முகத்தில் சிரிப்புமாக வருவார்கள். ஊசியைப் போட்டுச் சீக்கிரம் அனுப்பினால் போதும், கடைக்குப் போய்ப் பெட்டி வாங்க வேண்டும் என்ற அவசரத்தில் நாற்காலி நுனியில் உட்காருவார்கள். வெப்ப நாடுகளுக்குப் போகிறவர்களுக்கான தடுப்பூசி அறை அது. சுகாதாரத் துறைக் கட்டடத்தின் முதல் மாடி. ஒரு மூலையில் ஊசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ், சுவர் முழுக்க உலக வரைபடம், மேஜைமேல் பூனைக்குட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கொசு.

அந்தக் கொசுவால்தான் அங்கிருந்த நர்ஸுக்குக் 'கொசு சிஸ்டர்' என்று பெயர் வந்தது. வருகிறவர்கள் முன்னால் அதைத் தூக்கி வைத்து, "இவங்கதான் உங்கள முதல்ல வரவேற்கப் போறாங்க" என்று ஆரம்பிப்பாள். பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலி. யார் எந்த நாட்டுக்குப் போகிறார், எத்தனை நாள், ஓட்டலில் தங்குகிறாரா காட்டோரம் தங்குகிறாரா, வீட்டில் கர்ப்பிணி உண்டா என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுப்பாள். 'போலீஸ் ஸ்டேஷன்லகூட இத்தனை கேள்வி இல்ல' என்று முனகிக்கொண்டே போனவர்கள் உண்டு. அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை.

அவளுடைய கொழுந்தன், அதாவது கணவருடைய தம்பி, ஒரு பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். முப்பத்து நான்கு வயதாகியும் வீட்டில் அவன் இன்னும் 'சின்னவன்'தான். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஒரு நாட்டில், ஆற்றங்கரையில் கட்டியிருந்த குடிநீர் நிலையத்துக்குப் பம்ப் பொருத்த அவனையும் இன்னும் இரண்டு பேரையும் கம்பெனி ஐந்து வாரத்துக்கு அனுப்பியது. மூவரும் ஒரு நாள் காலையில் அண்ணியின் அறை வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏன் அண்ணி, வீட்டுக்கே வந்து போட்டிருக்கலாம்ல? சொந்தக்காரனுக்கே க்யூவா?"

"சொந்தக்காரனுக்கு ஒரு ஊசி கூடவே போடலாம்னு இருக்கேன். உக்காரு."

கூட வந்தவர்களில் ஒருவன் வெல்டர். கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. எல்லோரும் அவனை 'மலை' என்பார்கள். ஊசியைப் பார்த்ததும் அந்த மலையின் முகத்தில் ரத்தமே இல்லை. இன்னொருவர் எலக்ட்ரீஷியன், தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவர். அவருக்கு 'கண்ணாடி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மலை கண்ணை இறுக மூடிக்கொண்டு கண்ணாடியின் தோளைப் பிடித்த பிடியில், ஊசி யாருக்கு என்று தெரியாமல் அவர்தான் கத்தினார்.

நடுவில் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான், அந்த நாட்டுக்குள் நுழையக் காட்ட வேண்டிய சான்று அட்டை செல்லும். மேனேஜரோ அன்றையிலிருந்து எட்டாம் நாளுக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தார்.

"சிஸ்டர், கார்டுல தேதிய மட்டும் ஒரு நாலு நாள் முன்னாடி போட்டுக்குடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"கிருமிக்குத் தெரியும் சார். நீங்க டிக்கெட்ட மாத்துங்க. நான் தேதிய மாத்த மாட்டேன்."

டிக்கெட் மாறியது. மூன்று நாள் தள்ளிப்போனதில் சின்னவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஊசிகள் முடிந்ததும் மலேரியா மாத்திரை அட்டைகளை மூவர் முன்னாலும் பரப்பினாள். ஊசியெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆட்கள் கோட்டை விடுவது இந்த மாத்திரையில்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கிளம்பறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும். தினம் ஒண்ணு, சாப்பிட்ட பிறகு, டம்ளர் நிறைய தண்ணியோட. முழுங்கின உடனே படுக்கக் கூடாது, நெஞ்சு எரியும். வெயில் பட்டா தோல் சிவந்துடும், முழுக்கைச் சட்டை போட்டுக்கங்க. அங்க இருக்கற வரைக்கும் ஒரு நாள்கூட விடக் கூடாது. திரும்பி வந்த பிறகும் இருபத்தெட்டு நாள்."

"வந்த பிறகு எதுக்கு அண்ணி? இங்கதான் கொசுவே இல்லையே."

"கொசு அங்க இருக்கும், கிருமி உன் ஈரலுக்குள்ள இருக்கும். நீ பம்ப ஆஃப் பண்ணிட்டு வந்தாலும் குழாய்க்குள்ள தண்ணி நிக்குதுல்ல? அந்த மாதிரி. கடைசி நாள் கடிச்ச கொசுவோட கிருமி, நீ வீட்டுக்கு வந்து காலை நீட்டி உக்காந்த பிறகுதான் ஈரல்லேருந்து ரத்தத்துக்கு வரும். அப்ப மாத்திரை ரத்தத்துல காவல் நிக்கணும்."

சின்னவன் தலையாட்டினான். அவனுக்குப் பம்ப் என்று சொன்னால் எதுவும் புரியும்.

அங்கே போன பிறகு அவன் நடந்துகொண்ட விதத்தைக் குறை சொல்ல முடியாது. கொசுவலையை நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் செருகிக்கொண்டு தூங்கினான். மாலையில் கைகால்களுக்குப் பூச்சு மருந்து தடவினான். கொதிக்க வைக்காத தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்கவில்லை. ஒரு நாள் அவசரமாக அண்ணிக்குப் போன் செய்தான்.

"அண்ணி, மலைக்கு நேத்திலேருந்து வயித்தால போகுது. எட்டு தடவ ஆச்சு."

"ரத்தம் போகுதா? ஜுரம் இருக்கா?"

"ரெண்டும் இல்ல. நீங்க குடுத்த உப்பு சர்க்கரை பாக்கெட்ட கரைச்சுக் குடுத்துட்டே இருக்கேன்."

"ஒண்ணுக்குப் போறானா?"

"போறான்."

"அப்ப சரி. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தாம குடு. நாளைக்குள்ள நிக்கலன்னா, இல்ல ஜுரம் வந்தா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடு."

மறுநாள் மலை எழுந்து நடந்தான். அன்றிலிருந்து அந்தப் பம்ப் நிலையத்தில் சின்னவனுக்கு 'டாக்டர்' பட்டம் கிடைத்தது. யாருக்குக் கால் சுளுக்கினாலும், கண்ணில் தூசி விழுந்தாலும் டாக்டரிடம்தான் வருவார்கள். அவனும் அண்ணியின் குரலிலேயே கேள்வி கேட்டு, அண்ணி மாதிரியே புருவத்தைத் தூக்கிக்கொண்டு வைத்தியம் பார்த்தான். ஐந்து வாரம் கழித்து முகம் கறுத்து, உடம்பு இளைத்து, வாயெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தான்.

வந்த முதல் வாரத்தில் அவள் போனில் கேட்டாள். "மாத்திரை சாப்பிடறியா?"

"டாண்ணு சாப்பிடறேன் அண்ணி."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காலை, பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தடுப்பூசி அறையில் போன் அடித்தது. பேசியது சின்னவனின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள். அன்றைக்கு அவள் குரல் நடுங்கியது.

"அக்கா, அவருக்கு முந்தாநேத்திலேருந்து ஜுரம். உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். எனக்குப் பயமா இருக்குக்கா."

"எப்படி ஜுரம்? நிதானமா சொல்லு."

"முதல்ல குளிருதுங்கறார். மூணு போர்வை போத்தியும் கட்டிலே ஆடுது. அப்புறம் உடம்பு கொதிக்குது. ரெண்டு மணி நேரம் கழிச்சு வேர்த்துக் கொட்டி, சட்டையப் பிழியலாம் போல இருக்கு. உடனே எழுந்து உக்காந்து காபி கேக்கறார். சரியாப் போச்சுன்னு நினைச்சா, மறுபடியும் வருது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"தெருமுனை கிளினிக்ல காமிச்சோம். தெருவே இருமிட்டிருக்கு, இதுவும் ஃப்ளூதான்னு சொல்லி ஜுர மாத்திரை குடுத்தாங்க."

"வெளிநாடு போயிட்டு வந்தத சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல. இவரும் சொல்லல."

சிஸ்டர் மேஜைக் காலண்டரை இழுத்து, அவன் வந்த தேதியிலிருந்து விரல் வைத்து எண்ணினாள். பிறகு, "நான் குடுத்த மாத்திரை அட்டை எங்க இருக்கு? அத எடுத்து எத்தனை பாக்கி இருக்குன்னு எண்ணிச் சொல்லு" என்றாள்.

அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கணக்கு டீச்சருக்கு எண்ணுவதற்கு இவ்வளவு நேரம் ஆகாது. அவள் இரண்டாம் தடவை எண்ணுகிறாள் என்று சிஸ்டருக்குப் புரிந்தது.

"இருபத்தாறு இருக்குக்கா."

பன்னிரண்டு இருக்க வேண்டும். வந்த இரண்டாம் நாளே நிறுத்தியிருக்கிறான். சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை.

"இங்க பாரு. பதட்டப்படாத. டாக்சி வரச் சொல்லி நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு வா. நாளைக்குப் பாக்கலாம், ஜுரம் இறங்கட்டும்னு அவன் சொன்னா கேக்காத. அட்டையையும் எடுத்துக்க. நான் வாசல்ல நிக்கறேன்."

பக்கத்து அறை நர்ஸிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள்.

எமர்ஜென்சியில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் டாக்சியிலிருந்து இறங்கியபோது நன்றாகத்தான் இருந்தான். ஜுரம் விட்டிருந்த நேரம். அண்ணியைப் பார்த்ததும், பாட்டிலை உடைத்துவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சிரித்தான்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. இவதான் ஊரைக் கூட்டறா."

"நீ பேசாத" என்று மட்டும் சொன்னாள்.

டியூட்டி டாக்டர் இளைஞர். காலையிலிருந்து உட்காரக்கூட நேரமில்லாதவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் சொன்னாள்: "டாக்டர், இவர் பதினாறு நாளைக்கு முன்னாடி மலேரியா இருக்கற நாட்லேருந்து வந்தவர். அங்க அஞ்சு வாரம், ஆத்தங்கரையில. வந்ததும் மாத்திரைய நிறுத்திட்டார். மூணு நாளா குளிர் ஜுரம்."

டாக்டர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிவு வந்தது. ரத்தத் துளியைக் காகிதப் பட்டையில் விட்டுப் பார்க்கும் சோதனை, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்க்கும் சோதனை, இரண்டிலும் மலேரியா இல்லை.

"நெகட்டிவ், சிஸ்டர். ஃப்ளூவாத்தான் இருக்கும். கூட்டிட்டுப் போங்க."

சின்னவன் செருப்பைத் தேடினான். டீச்சர் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். சிஸ்டர் மட்டும் நகரவில்லை.

"டாக்டர், ஒரு தடவ இல்லன்னு வந்தா இல்லன்னு ஆயிடாது. பாதி மாத்திரை சாப்பிட்ட உடம்பு. கிருமி கம்மியா இருந்தா முதல் தடவ கண்ணுல படாது. பன்னெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். அதுலயும் இல்லன்னா மூணாவது தடவ."

"ஊசி போடற ரூம்லேருந்து வந்து எனக்குச் சொல்லித்தர்றீங்களா?" டாக்டர் கத்தவில்லை. களைப்பில் வந்த வார்த்தை.

சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. "இல்ல டாக்டர். உங்களுக்கு ஆயிரம் நோய் பாக்கணும். நான் பன்னெண்டு வருஷமா பயணிங்கள மட்டும்தான் பாக்கறேன். அதனால சொல்றேன். அந்த ரிப்போர்ட்ல தட்டணு எவ்வளவுன்னு பாருங்க. மலேரியான்னா அது இறங்கும்."

டாக்டர் தாளைப் புரட்டினார். ரத்தத் தட்டணுக்கள் எண்பத்திரண்டாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. அவர் புருவம் சுருங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தார், அன்றைக்கு அநேகமாக முதல் தடவையாக. தாளை இன்னொரு முறை முழுக்கப் படித்துவிட்டு, "அட்மிட் பண்ணிடறேன்" என்றார்.

செருப்பைப் போட்டிருந்த சின்னவன் மறுபடி கழற்றினான்.

அன்று மாலையே சிஸ்டர் இன்னொரு காரியம் செய்தாள். மலேரியா முற்றினால் நரம்பில் போடும் மருந்து ஒன்று உண்டு. அது எல்லா ஆஸ்பத்திரியிலும் கையிருப்பில் இருக்காது. நகரத்தின் மறுகோடியில் இருந்த காய்ச்சல் மருத்துவமனையில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மருந்தக அதிகாரிக்குப் போன் செய்து, எத்தனை குப்பி இருக்கிறது, காலாவதித் தேதி என்ன, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.

"கேஸ் உறுதியாயிடுச்சா சிஸ்டர்?" என்றார் அவர்.

"ஆகல சார். ஆனா நாளைக்குக் கேப்பேன்னு நினைக்கறேன். ஒன்பது குப்பி எடுத்து வைங்க."

மறுநாள் விடிந்ததும் இரண்டாம் தடவை ரத்தம் எடுத்தார்கள். ஏழரை மணிக்கு சிஸ்டர் வார்டுக்குள் நுழைந்தபோது சின்னவன் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, என்னைப் பாத்து வால்வ மூடு, வால்வ மூடுங்கறார்."

சிஸ்டர் குனிந்தாள். "தம்பி, நான் யாரு சொல்லு."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "சூப்பர்வைசர் வந்துட்டாரா?" என்றான்.

கிருமி மூளையைத் தொட ஆரம்பித்துவிட்டது. அவள் திரும்பும்போதே டியூட்டி டாக்டர் கையில் ரிப்போர்ட்டுடன் ஓடி வந்தார். ஆய்வகத்தில் இருந்த டெக்னீஷியன் அம்மாள் தகட்டைப் பார்த்த மாத்திரத்தில் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். நூறு சிவப்பணுக்களில் மூன்றில் கிருமி. ஆளைக் கொல்லும் வகை.

"நரம்புல போடற மருந்து இங்க இல்ல சிஸ்டர். வரவழைக்கணும்" என்றார் டாக்டர்.

"காய்ச்சல் ஆஸ்பத்திரியில இருக்கு டாக்டர். ஒன்பது குப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். நீங்க கடிதம் அனுப்பினா போதும்."

டாக்டர் நேரே கம்ப்யூட்டருக்குப் போனார்.

ஆஸ்பத்திரி வண்டி அங்கே போய் வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். சிஸ்டர் கணவருக்குப் போன் செய்தாள். அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். காலை வகுப்புக்கு எந்தப் பகுதிக்குப் போவார் என்பது அவளுக்கு மனப்பாடம். காய்ச்சல் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"ரிவர்ஸ் சொல்லிக்குடுத்துட்டிருக்கேன்மா. என்ன?"

அவள் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். எதிர்முனையில் பிரேக் கிறீச்சிட்டது. பிறகு, "மேடம், நீங்க இந்தப் பக்கம் மாறி உக்காருங்க" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.

அன்றைக்கு வண்டி பழக வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. அவரை இறக்கிவிட நேரமில்லை. மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் கூடவே வந்தார். இருபது வருடமாக மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாத மனிதர் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தைப் பேராசிரியை வாழ்நாளில் மறக்க மாட்டார். "சார், இண்டிகேட்டர் போடல. சார், இது ஒன்வே ஆச்சே! சார், பெல்ட்டு!" என்று வழி நெடுகப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே வந்தாராம். வண்டியின் கூரையில் இருந்த 'பழகுநர்' பலகையைப் பார்த்து எல்லோரும் பயந்து ஒதுங்கியதில் நாற்பது நிமிட வழி இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.

எட்டே முக்கால் மணிக்கு, ஐசியூவுக்கு மாற்றிய கையோடு, முதல் மருந்து ஏறியது. வேளைக்கு மூன்று குப்பி. சிஸ்டரின் கணவர் தம்பியின் கட்டிலோரம் வந்து நின்றார். "ஏம்மா, பிழைச்சிடுவான்ல?" என்றார்.

"பிழைச்சிடுவான். நேரத்துக்கு மருந்து போயிடுச்சு. உக்காருங்க." அவள் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னாள். சிறுநீரகம் கெடவில்லை, மூச்சு சீராக இருந்தது, கிருமியின் அளவு கைக்குள் இருந்தது. டீச்சரையும் வெளியே அழைத்துப் போய் அதையே ஒவ்வொன்றாகச் சொன்னாள். கணக்கு டீச்சருக்கு ஆறுதல் வார்த்தையைவிட எண்கள் பிடித்தன. கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்தது.

அடுத்த நாள் காலையில் கிருமி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மத்தியானம் சின்னவன் தெளிவாகக் கண் விழித்தான். மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அண்ணியைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணி, மலைக்கிட்ட கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"ஏர்போர்ட்ல இறங்கினதும் அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நான்தான் சொன்னேன். ஊருக்கு வந்தாச்சு, இன்னும் ரெண்டு நாள் போதும், அப்புறம் மாத்திரை தேவையில்லன்னு. டாக்டர் சொன்னா சரிதான்னு சிரிச்சாங்க."

சிஸ்டர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். முதலில் எலக்ட்ரீஷியன். "நானா? நான் பயந்தாங்கொள்ளி சிஸ்டர். அவன் கெடக்கான்னு தினம் சாப்பிட்டுட்டுதான் இருக்கேன். இன்னும் பத்து பாக்கி இருக்கு" என்றார் கண்ணாடி. அவரை அவள் மனதுக்குள் வாழ்த்தினாள்.

மலை வேறு ஊரில் ஒரு வேலையில் இருந்தான். போனை எடுத்ததும் காற்று இரைந்தது.

"மாத்திரையா? எப்பவோ நிறுத்திட்டேனே சிஸ்டர். நல்லாத்தான் இருக்கேன்."

"ஜுரம் இருக்கா?"

"ஜுரம்னு இல்ல. நேத்திலேருந்து கொஞ்சம் அசதி, தலைவலி. வேலை ஜாஸ்தி."

"இப்ப எங்க நிக்கறீங்க?"

"சாரத்து மேல. நாலாவது தட்டு."

"இறங்குங்க."

"வேலை பாதியில இருக்கு சிஸ்டர். சாயங்காலம் வேணா..."

"உங்க டாக்டர் இங்க ஐசியூல படுத்திருக்கார். இறங்குங்க. நான் போன வைக்க மாட்டேன். நீங்க இறங்கற சத்தம் எனக்குக் கேக்கணும்."

வெல்டிங் கருவி தகரத்தில் டங்கென்று விழுந்தது. பிறகு இரும்புப் படிகளில் கனமான கால்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். ஐம்பத்தாறு படி. தரைக்கு வந்ததும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வாசலில் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லி, அதைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். அன்று மாலையே அங்கே அவனுக்கும் மலேரியா என்று உறுதியானது. ஆரம்பம்தான். மூன்று நாள் மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. "ரத்தம் எடுக்க மட்டும் நாலு தடவ குத்திட்டாங்க சிஸ்டர்" என்று போனில் அழாத குறையாகச் சொன்னான். அவனுக்கு அதுதான் பெரிய துயரம்.

ஐந்தாம் நாள் சின்னவனைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்குக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று இருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டாள்.

"ஏன்டா பொய் சொன்ன?"

அவன் போர்வை நூலை இழுத்துக்கொண்டிருந்தான். "நெஞ்சு எரிஞ்சுது அண்ணி. அங்க இருந்தப்ப எல்லாரும் சாப்பிட்டாங்க, நானும் சாப்பிட்டேன். இங்க வந்து நல்ல உடம்போட தனியா மாத்திரை முழுங்கறது ஒரு மாதிரி இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்க. ஜுரம் வந்த பிறகு சொன்னா இன்னும் திட்டுவீங்க."

"அதுக்காக சாகலாமா?"

அவன் அந்த நூலை விரலில் சுற்றினான்.

"நானும் ஒரு தப்பு பண்ணேன்" என்றாள் அவள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "திரும்பி வந்த எல்லாருக்கும் ரெண்டாவது வாரத்துல போன் பண்ணி, அட்டைய எடுத்துட்டு வாங்க, எத்தனை பாக்கின்னு எண்ணிச் சொல்லுங்கன்னு கேப்பேன். யாரையும் நம்ப மாட்டேன். உங்க மூணு பேர மட்டும் கேக்கல. நம்ம வீட்டுப் பிள்ளை கூட இருக்கானேன்னு விட்டுட்டேன்."

"அப்ப ரெண்டு பேர் மேலயும் பாதிப் பாதி."

"இல்ல. உன் மேல முக்கால், என் மேல கால். இந்தா, குடி."

அவன் கஞ்சியை வாங்கினான். சூடு பார்க்காமல் வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டான். எதிரே கட்டிலில் இருந்த முதியவர் சிரித்தார். சின்னவனும் சிரித்தான். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அதுதான் அவன் முதல் சிரிப்பு.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நான்கு வாரமும் வாரம் ஒருமுறை வந்து ரத்தம் சோதிக்க வேண்டும், இந்த மருந்து போட்டவர்களுக்குத் தாமதமாகக்கூட ரத்தம் குறையலாம் என்று டியூட்டி டாக்டர் டீச்சரிடம் சொன்னார். டீச்சர் நான்கு தேதிகளையும் அங்கேயே எழுதிக்கொண்டாள். பிறகு டாக்டர் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீங்க பேசினது எனக்கு ஞாபகம் இல்ல டாக்டர். அட்மிட் பண்ணீங்க, அது ஞாபகம் இருக்கு."

"எமர்ஜென்சி டாக்டர்களுக்கு நீங்க ஒரு நாள் வந்து பேசணும். பயணம் போயிட்டு வந்தவங்ககிட்ட என்ன கேக்கணும், எத்தனை தடவ ரத்தம் பாக்கணும், எல்லாம். புதன்கிழமை வர முடியுமா?"

"புதன்கிழமை எனக்கு ஊசி நாள். வியாழக்கிழமை வரேன்."

வியாழக்கிழமை போனாள். பதினான்கு டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்புத்தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. ஒரு பம்ப் ஃபிட்டரின் கதையை, அவன் தன் கொழுந்தன் என்று சொல்லாமல், முதல் ஊசியிலிருந்து கடைசிக் குப்பி வரைக்கும் சொன்னாள். டியூட்டி டாக்டர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரு பெண் டாக்டர் கை தூக்கினார்.

"அந்தப் பேஷண்ட் இப்ப எப்படி இருக்கார் சிஸ்டர்?"

"நேத்து லிஃப்ட்ட விட்டுட்டு மாடிப்படி ஏறினான். அவன் வீடு மூணாவது மாடி" என்றாள் கொசு சிஸ்டர். "நடுவுல ரெண்டு தடவ உக்காந்தான். ஆனா மேல வரைக்கும் போயிட்டான்."